எங்கிருந்துங்க கேட்டீங்க?

அவளிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அவளைப் பற்றி எனக்கிருந்த முதல் குறை அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. காந்திபுரத்தில் ஒரு ரெடிமேட் துணிக்கடையின் மாடியில், கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொடுக்கிற எங்கள் ஆபீஸ். ஐந்து கம்ப்யூட்டர், ஐந்து பேர், ஆபீசை நடத்துகிற சார் ஒருவர், ஒரே ஒரு மோடம். கீழே கடைக்காரர் மைக்கில் "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிடுவது மாடியில் இருக்கும் எங்களையே கூப்பிடுவதுபோலக் கேட்கும். நான் அங்கே அவளைவிட ஆறு மாதம் மூத்தவன். வேலையில்தான், வயதில் அவள் இரண்டு வருஷம் பெரியவள்.

பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன் நான். படிப்பு என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. கணபதியில் பெரியப்பாவின் லேத் பட்டறை எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. "கம்ப்யூட்டர்ல கைய வெச்சு வெளையாடற வரைக்கும் வெளையாடு. அப்பறம் இங்க வந்து கிரீஸ்ல வையி" என்பார். அதனால் ஆபீசில் சர்வர் என்றால் நான்தான் என்று ஆறு மாதம் பாடுபட்டு ஒரு பெயர் வாங்கி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சார் அவளை அழைத்து வந்து, "இந்தப் பொண்ணு இன்னைல இருந்து நம்ம கூட" என்றார்.

"என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"தபால்ல பி.காம்ங்க. அதுக்கு முன்னாடி ஒரு மில்லுல டெலிபோன் போர்டுல இருந்தேன்."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப நம்ம ஆபீசுக்கும் ஒரு எக்ஸ்சேஞ்ச் வந்துருச்சுங்க சார்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்றைக்கு மிச்ச நேரமும் நன்றாகப் போயிருக்கும்.

அன்றிலிருந்து அவள் என்னை "சீனியர்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். "ஏனுங்க சீனியர்." மரியாதையா, கிண்டலா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. யார் எதைச் சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்பாள். "எங்கிருந்துங்க கேட்டீங்க?"

போர்டில் இருந்தபோது வந்த பழக்கமாம். மில்லுக்குள் யாராவது போனை எடுத்து "லைன் போகல" என்றால், எந்த லைன், யாருக்கு என்றெல்லாம் அவள் முதலில் விசாரிக்கமாட்டாளாம். எங்கிருந்து பேசுகிறார்கள் என்று கேட்பாளாம். ஸ்பின்னிங்கில் இருந்து பேசினால் ஒரு கோளாறு, கேட்டில் இருந்து பேசினால் வேறு கோளாறு. போர்டை விட்டு வந்த பிறகும் கேள்வி மட்டும் அவளோடு வந்துவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் கீழே டீக்கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று நான் அறிவித்தேன்.

"எங்கிருந்துங்க கேட்டீங்க?"

"இங்கிருந்துதான். ஜன்னல்ல நின்னு நாலு வெரலக் காட்டுனேன். கைய ஆட்டிட்டாரு."

எழுந்து கீழே போனாள். ஐந்து நிமிஷத்தில் நாலு டம்ளரோடு வந்தாள். "நீங்க நாலு வெரலக் காட்டுனதுக்கு அவரு நாலு மணிக்கு வேணும்னு நெனச்சுட்டாருங்க. நாலு மணி ஆயிப்போச்சுன்னு கைய ஆட்டியிருக்காரு." டீ நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

அவளுக்கு வந்த ஒரு வரனையும் இப்படித்தான் பார்த்தாள். மாப்பிள்ளைக்குத் தொண்டாமுத்தூர் பக்கம் தென்னந்தோப்பு. தோப்புக்குள் யானை வந்தால் ஒற்றை ஆளாக நின்று விரட்டுவார் என்று உறவுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போய், தோப்புக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களிடம் விசாரித்துவிட்டு வந்தாள். மறுநாள் ஆபீசில் சாப்பிடும்போது கதையாகச் சொன்னாள்.

"ஆனை வந்தா அவரு ஊட்டுக்குள்ள கட்டலுக்கு அடியில இருப்பாருங்களாமா."

"அதுக்காகவா வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க? ஆனைன்னா நானுந்தான் பயப்படுவேன்."

"பயப்படலாமுங்க சீனியர். வெரட்டுனேன்னு சொல்றதுதான் ஆகாது." கேரியரை மூடிவிட்டுக் கை கழுவப் போனாள்.

என்னால் முடிந்ததை நானும் செய்தேன். அவளுடைய மவுசுக்குள் இருக்கும் உருண்டையை எடுத்து ஒளித்து வைத்தேன். கீபோர்டில் இரண்டு எழுத்துகளைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினேன். அவள் போர்டில் வேலை பார்த்தவள்; விசையைப் பார்த்து அடிக்கிற பழக்கமே அவளுக்கு இல்லை. மாற்றியது அவளுக்குத் தெரியவே இல்லை. நாலு நாள் கழித்து அவள் சீட்டில் உட்கார்ந்து நான்தான் தப்புத்தப்பாக அடித்தேன். உருண்டை விஷயத்திலோ அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. "ஏனுங்க சீனியர், நடக்கறப்ப உங்க பாக்கெட்டு கடகடங்குது. என்ற மவுசுக் குண்டத் தாறீங்களா?"

இதெல்லாம் விளையாட்டு. வினையானது ஜாதகத்தில்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனி எங்களுக்கு வேலை கொடுத்திருந்தது. அவர்களுடைய டீலர்கள் கடிதமும் போனும் இல்லாமல், கடையில் இருக்கும் கம்ப்யூட்டரில் இருந்தே மோடம் வழியாக ஆர்டர் அனுப்ப வேண்டும். அதற்கு முன் டீலரின் கம்ப்யூட்டர் கம்பெனியின் சர்வரிடம் ஒன்று கேட்கும். உன்னிடம் என்னென்ன கேட்கலாம், எந்த மாதிரி கேட்க வேண்டும், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்? சர்வர் பதிலுக்கு ஒரு விவரத்தாளை அனுப்பும். அதைப் படித்துவிட்டுத்தான் ஆர்டர் போகும். பின்னாளில் இதற்குப் பெரிய இங்கிலீஷ் பெயரெல்லாம் வந்தது. எங்களுக்கு அப்போது ஒரு பெயரும் தெரியாது. சார் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னதை வைத்து நாங்களே ஒட்டவைத்துச் செய்தோம். அதற்கு ‘ஜாதகம்’ என்று பெயர் வைத்தவன் நான். பெயர் வைப்பதில் மட்டும் அவளால் என்னை மிஞ்ச முடியவில்லை. "ஜாதகம் வந்துச்சா?" "வந்துச்சுங்க, பொருந்தல." ஆபீசே இப்படித்தான் பேசியது.

சர்வர்கள் மூன்று. ஒன்று சோதனைக்காக எங்கள் ஆபீசில். ஒன்று கம்பெனியின் ஈரோடு டிப்போவில். ஒன்று பெரியநாயக்கன்பாளையம் தொழிற்சாலையில். மூன்றும் வெவ்வேறு வகை. ஒரே கேள்வியை மூன்றிடமும் கேட்டால், மூன்றும் ஒன்றுக்கொன்று தெரியாதவர்கள்போலப் பதில் சொல்லும்.

சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "அந்தக் கம்பெனில கம்ப்யூட்டர் ரூமுக்கு நிரந்தரமா ஒரு ஆளு கேக்கறாங்க. உங்க ரெண்டு பேர்த்துல ஒருத்தரத்தான் அனுப்ப முடியும். யாரு இத ஓட வெக்கறீங்களோ அவங்க போலாம்."

எனக்கு உடனே பெரியப்பாவின் கிரீஸ் டப்பா ஞாபகம் வந்தது. அவளுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்றும் எனக்குத் தெரியும். அவள் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில்தான். தொழிற்சாலைக்குப் பத்து நிமிஷ நடை. காலில் நோவோடு வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்குச் சமைத்து வைத்துவிட்டு, தினமும் டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம் தொங்கிக்கொண்டு காந்திபுரம் வருகிறவள்.

எனக்குத் தெரியும். தெரிந்தும்தான்.

முதலில் ஈரோடு மக்கர் செய்தது. ஜாதகம் கேட்டால் திரையில் விரியாமல், ‘இதை எங்கே சேமிக்கட்டும்’ என்று கேட்டது. எங்கள் புரோகிராமோ ‘இது ஜாதகமே இல்லை’ என்றது. தப்பு தாளில்தான் இருக்கிறது என்று நாலு நாள் உட்கார்ந்து அதைப் பதினோரு தரம் திருத்தி எழுதினேன். பதினோரு தரமும் அதே பதில்.

"எங்கிருந்துங்க கேட்டீங்க?" என்றாள்.

"பிரவுசர்ல இருந்துதான். வேற எதுல இருந்து கேப்பாங்க?"

"அது நடுவுல நிக்கற ஆளுங்க. அதுக்குத் தோணுனத நம்மகிட்டச் சொல்லும். நான் நேரா கேட்டுப் பாக்கறேன்."

பிரவுசரை மூடினாள். கறுப்புத் திரையைத் திறந்து, ஈரோட்டு சர்வரின் வாசலில் போய் நின்று, புரோகிராம் கேட்கவேண்டிய கேள்வியைத் தன் கையாலேயே எழுத்து எழுத்தாக அடித்தாள். பதில் வந்தது. தாளுக்கு மேலே நாலைந்து வரிகள் இருந்தன, பிரவுசர் அதுவரை எங்களுக்குக் காட்டாத வரிகள். அவற்றில் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். ‘உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, ஏதோ மூட்டை’ என்கிற அர்த்தத்தில் ஈரோட்டு சர்வர் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஆபீஸ் சர்வர் அதே இடத்தில் ‘இது படிக்கிற எழுத்து’ என்று எழுதியிருந்தது.

"தாளு சரியாத்தானுங்க இருக்குது. கவருலதான் தப்பா எழுதியிருக்கு," என்றாள். ஈரோட்டு சர்வரின் செட்டிங்கில் ஒரு வரி சேர்த்தாள். ஜாதகம் விரிந்தது.

நாலு நாள், பதினோரு தரம். அவளுக்கு ஒரு வரி.

சார் அவளைப் பாராட்டினார். நானும் பாராட்டினேன். "போர்டுல இருந்தவங்களாச்சே, நெம்பர் கரெக்டாப் போட்டுட்டாங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் எனக்குக் காற்று வரவில்லை.

மிச்சம் இருந்தது தொழிற்சாலை சர்வர். அதை நான் எடுத்துக்கொண்டேன். "இத நான் பாத்துக்கறேனுங்க சார். ஒருத்தரே எல்லாத்தயும் பாத்தா அவங்களுக்கும் சிரமம்."

எங்கள் ஆபீசில் இருந்து மோடத்தில் கூப்பிட்டு ஜாதகம் கேட்டேன். வந்தது. முழுசாக வந்தது. ஆனால் ஆர்டர் அனுப்பினால் போய்ச் சேரவில்லை. ‘அப்படி ஒரு முகவரி எனக்குத் தெரியாது’ என்றது எங்கள் கம்ப்யூட்டர். ஜாதகத்தைத் திறந்து பார்த்தேன். முகவரி இருந்த இடத்தில், தொழிற்சாலைக்குள் அந்த சர்வரை எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரை அது எழுதி அனுப்பியிருந்தது. வீட்டில் என்னைக் குட்டான் என்றுதான் கூப்பிடுவார்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று குட்டான் வீடு எது என்று கேட்டால் யாருக்குத் தெரியும்?

அதை நானே கண்டுபிடித்தேன். இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமைதான். அதோடு நிறுத்தி, சர்வரில் அந்தப் பெயரை எங்கே மாற்றுவது என்று தேடியிருக்க வேண்டும். ஒருநாள் தேடினேன், கிடைக்கவில்லை. அவளைக் கேட்டிருக்கலாம், கேட்க வாய் வரவில்லை.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சின்ன ஃபைல் உண்டு. டெலிபோன் டைரி மாதிரி. இந்தப் பெயருக்கு இந்த நம்பர் என்று அதில் எழுதிவைத்தால், கம்ப்யூட்டர் அதைப் பார்த்துக்கொள்ளும். என் கம்ப்யூட்டரின் டைரியில் தொழிற்சாலை சர்வரின் வீட்டுப் பெயரையும் நம்பரையும் எழுதினேன். ஆர்டர் பாய்ந்துகொண்டு போனது.

"சார், முடிஞ்சுதுங்க!"

சார் வந்து பார்த்தார். முதுகில் தட்டினார். "முடிச்சுப்போட்டியே!"

அவள் தன் சீட்டில் இருந்து திரும்பினாள். "எங்கிருந்துங்க கேட்டீங்க?"

"இங்கிருந்து."

"உங்க மிஷின்ல இருந்து மட்டுமா, எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும் வருது. வேணும்னா மத்தியானம் பாத்துக்கங்க," என்றேன்.

ஒரு மணிக்கு அவளும் மற்ற மூன்று பேரும் பக்கத்து அறையில் கேரியரைத் திறந்தார்கள். சார் கிணற்றுக்கடவில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, மற்ற நாலு கம்ப்யூட்டர்களின் டைரியிலும் அந்த ஒரு வரியை எழுதினேன். கடைசியாக அவளுடையதில். அவள் கம்ப்யூட்டரின் மேல் சின்னதாக ஒரு பிள்ளையார் இருந்தார். என்னையே பார்த்தார்.

சாப்பிட்டுவிட்டு வந்து அவள் ஐந்திலும் உட்கார்ந்து ஐந்து தரம் ஆர்டர் அனுப்பினாள். ஐந்தும் போயின. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார் வந்தவொடனே கேட்டுட்டு, ஒருக்கா பொள்ளாச்சி போயி டீலர் கடைல இருந்து கேட்டுப் பாத்துட்டு வாரனே?"

சார் வந்து சொன்னது: "அஞ்சு மிஷின்லயும் வந்ததுக்கு அப்பறம் பொள்ளாச்சி எதுக்கு அம்மணி? வியாழக்கெழமை டீலர் மீட்டிங். அன்னைக்கு நீ பொள்ளாச்சில இரு, இவன் தொழிற்சாலைல இருக்கட்டும். நீ அங்கிருந்து அனுப்பு, இங்க எல்லாரும் பாக்கட்டும்."

எனக்குச் சிக்கல் அப்போதே புரிந்தது. பொள்ளாச்சிக் கடையின் கம்ப்யூட்டரில் அந்த வரி இல்லை. புதன்கிழமை நானே போய் எழுதிவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். புதன்கிழமை சார் என்னைத் தொழிற்சாலைக்கு அனுப்பி, மீட்டிங் ஹாலுக்கு ஒயர் இழுக்க வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை தொழிற்சாலை ஹாலில் இருபது டீலர்கள், முன்வரிசையில் கம்பெனி முதலாளி, பக்கத்தில் சார். மேஜைமேல் சர்வரின் திரை, பிரிண்டர், போன். பொள்ளாச்சி ஆர்டர் வந்ததும் பிரிண்டர் தானாக அடிக்கும் என்று சார் சொல்லிமுடித்தார். எல்லோரும் பிரிண்டரைப் பார்த்தார்கள். பிரிண்டர் எங்களைப் பார்த்தது.

பத்து நிமிஷம் கழித்துப் போன் அடித்தது. பொள்ளாச்சிக் கடையில் ஒரே லைன். மோடம் கத்தும்போது பேச முடியாது, பேசும்போது மோடம் போடமுடியாது.

"சீனியர், ஜாதகம் வந்துருச்சுங்க. ஆர்டர் போகல."

ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் டைரியில் எழுதவேண்டிய வரியை மனப்பாடமாக ஒப்பிப்பேன். சொன்னால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் சார் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ‘அப்ப நம்ம ஆபீசுலயும் எழுதித்தான் ஓட வெச்சியா’ என்று அடுத்த கேள்வி வரும்.

"அங்க ஏதோ தப்பாப் பண்றீங்களாட்ட இருக்குது. மறுக்காப் போட்டுப் பாருங்க," என்றேன்.

சார் போனைப் பிடுங்கினார். "ஏம்மா, இங்க இருபது பேரு உக்காந்திருக்காங்க. அஞ்சு மிஷின்ல ஓடுனது அங்க ஓடலைன்னா யாரு தப்பு? ஒழுங்காப் பாரு!" என்று வைத்துவிட்டார்.

ஹாலில் இருமல் சத்தம். யாரோ பஜ்ஜி எப்போது என்று கேட்டார்கள். முதலாளி கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால் மணி நேரம். அது கால் வருஷம்.

மறுபடி போன். நானே எடுத்தேன்.

"பக்கத்துல யாருங்க இருக்காங்க?" என்றாள்.

"எல்லாரும்."

"சரிங்க. நான் மட்டும் பேசறேன், நீங்க கேளுங்க. ஜாதகத்த நேரா கேட்டுப் படிச்சுப் பாத்தேன். மொகவரி எடத்துல அது ஊட்டுப் பேரச் சொல்லுதுங்க. நம்ம ஆபீசுல அஞ்சுலயும் எப்புடி ஓடுச்சுன்னுதான்..." அதோடு நிறுத்தினாள். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு லாரி போகும் சத்தம் முழுசாகக் கேட்டது. "செரி, அது கெடக்கட்டும். உங்க முன்னாடி இருக்கற சர்வர் செட்டிங்கத் தெறங்க. ரெண்டாவது பக்கம். பேரு இருக்கற எடத்துல நெம்பர அடிங்க. நான் சொல்றேன்."

சொன்னாள். அடித்தேன். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக, டெலிபோன் போர்டில் சொல்வதுபோல இழுத்து, நிறுத்தி, திருப்பிச் சொல்லவைத்து. இருபது பேரும் என் விரல்களைப் பார்த்தார்கள். நான் ஒருநாள் முழுக்கத் தேடிக் கிடைக்காத இடம் அது.

"சர்வர நிறுத்தி மறுக்கா ஓட்டுங்க. நான் வெக்கறேன், மோடம் போடணும்."

மூன்று நிமிஷத்தில் பிரிண்டர் கரகரவென்று அடிக்க ஆரம்பித்தது. அஞ்சு குதிரைச் சக்தி மோட்டார் பன்னிரண்டு. ஹாலே கைதட்டியது. முதலாளி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கைல என்ன வேகம் தம்பி! இவன இங்கயே விட்டுட்டுப் போங்க" என்று சாரிடம் சொன்னார். பஜ்ஜி வந்தது. பஜ்ஜியை எல்லோரும் புகழ்ந்தார்கள்.

திங்கட்கிழமை காலை முதலாளி எங்கள் மூன்று பேரையும் தொழிற்சாலைக்கு வரச்சொன்னார். கம்ப்யூட்டர் ரூம் நாற்காலி எனக்கு என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. இருந்தாலும் அவர் கம்பெனி நடத்துகிறவர், ஒன்றைக் கேட்டார்.

"அதெப்புடி, உங்க ஆபீசுல அஞ்சு மிஷின்ல ஓடுனது பொள்ளாச்சில ஓடல?"

சார் என்னைப் பார்த்தார். நான் தரையில் பதித்திருந்த கல்லைப் பார்த்தேன். என் காதுக்குள் லேத் மிஷின் சுற்றும் சத்தம் கேட்டது.

அவள் பேசினாள். "நான் சரியாப் பாக்கலீங்க. அஞ்சு தடவ கேட்டேன், அஞ்சும் ஒரே ஊட்டுக்குள்ள இருந்து கேட்டுப்போட்டேன். வெளிய போயிக் கேட்டிருக்கோணும். என்ற தப்புங்க."

முதலாளி தலையாட்டினார். "இனிமே பாத்துச் செய்யி அம்மணி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ நாளைல இருந்து வந்துரு" என்றார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே நானும் வந்தேன். கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப். சார் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மிஷின்லயும் அந்த வரிய எழுதுனது நான்தான்," என்றேன்.

"தெரியுமுங்க. பொள்ளாச்சில இருந்து வந்தவொடனே போயிப் பாத்தேன். அழிச்சும் போட்டேன்."

"அப்பறம் ஏன் அங்க சொல்லல?" எனக்குக் கோபமாக வந்தது. அவள் என்னைத் திட்டவேண்டும் என்று இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் பார்க்க ஒரு வார்த்தையாவது.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "உங்களச் சொல்லி என்னங்க ஆவுது? நீங்க எழுதுவீங்க. அது உங்க வேல. நான் எப்புடிங்க நம்புனேன்? ஒரே எடத்துல இருந்து அஞ்சு தடவ கேட்டுப்போட்டு, செரின்னு தூங்கப் போயிருக்கேன். போர்டுல இருந்தப்ப இப்புடிப் பண்ணியிருந்தா சூப்பர்வைசரம்மா என்னய எந்திரிச்சுப் போகச் சொல்லியிருக்கும். மூணு நாளா எனக்கு சோறே எறங்கல." அவள் முகத்தில் அவ்வளவு வெட்கத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த வெட்கத்தில் எனக்கு ஒரு மூலைகூட இல்லை.

"உங்க ஊடு இங்கதான..." என்று இழுத்தேன்.

"ஆமாங்க. அந்தா தெரியுதுல்ல, தண்ணி டேங்கு, அதுக்குப் பின்னாடி. அம்மாகிட்ட, இனி பஸ்ஸுல தொங்கவேண்டாம்னு முன்னாடியே சொல்லிவெச்சுட்டேன். இனிப் போயி மாத்திச் சொல்லணும்."

காந்திபுரம் பஸ் வந்தது. கூட்டம். படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து ஏறினாள். "வாரனுங்க சீனியர்" என்றாள். கிண்டலா, மரியாதையா? பஸ் நகர்ந்துவிட்டது.

நான் திரும்பி உள்ளே போய், கம்ப்யூட்டர் ரூமில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல நாற்காலி. சுற்றும். ஐந்து டைரியிலும் அந்த வரியை எழுதியதுதான் என் வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே தப்பு. அதையும் அவள் தன் பெயரில் எழுதிக்கொண்டு போய்விட்டாளே என்று அன்று முழுக்க வயிறு எரிந்தது.